பதினோரு விநாடி லேப்டாப்

இந்த வீட்டுக்குள் இனி ஒரு புது லேப்டாப்கூட நுழையாது என்று ஒரு சனிக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டே அறிவித்தேன். வாய் நிறைய நுரை. அறிவிப்பு சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது என்று கொப்பளித்துவிட்டு மறுபடியும் அறிவித்தேன்.

"முதல் தடவையே கேட்டுச்சு," என்றாள் மனைவி. "மோவாய்ல இருக்கற நுரையைத் துடைச்சுக்கங்க."

பிரச்சினை அவளுடைய லேப்டாப். அவள் வீட்டிலிருந்தபடியே இன்ஜினீயர்களுக்குக் கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறவள். லேப்டாப்புக்கு வயது ஏழு. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போவாள். தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது கடவுச்சொல் கேட்கும். அதைப் போட்டுவிட்டு டீ வைக்கப் போவாள். மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைத் திறந்தால் முதலில் அஸ்திவாரம் தெரியும். பிறகு சுவர். பிறகு ஒவ்வொரு மாடியாக. நிஜக் கொத்தனார்கள் இதைவிடச் சீக்கிரம் கட்டி, வெள்ளையடித்து, சாவியையும் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அதனால் அவளுக்குப் புது லேப்டாப் வேண்டும். மூன்று மாதமாக வேண்டும். பழசுக்கே ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் மாற்றினால் போதும் என்று நான் எங்கோ படித்திருந்தேன். பழுது பார்க்கும் கடையில் விசாரித்தேன். பாகங்களுக்கு ஒரு பங்கு, பாகங்களைத் தொடுவதற்கு இரண்டு பங்கு என்றார்கள். தொடுவதற்கு எனக்கும் பத்து விரல் இருக்கிறது.

"நானே மாத்திடறேன்," என்றேன்.

"எதை?"

"ரேமை. ஹார்ட் டிஸ்க்கை. ரெண்டையும்."

"போன மாசம் டார்ச்சுக்கு பேட்டரி மாத்தினீங்களே, அப்படியா?"

"அந்த பேட்டரி சரியில்லை."

"தலைகீழாப் போட்டிருந்தீங்க."

"ப்ளஸ் குறி அழிஞ்சிருந்தது."

"ஒரு பக்கம் குமிழ் இருக்குமேங்க. இருட்டுலகூடத் தடவிப் பாத்தாத் தெரியும்."

"இருட்டுல தடவிப் பாக்கத்தானே டார்ச் தேடினோம்?"

இதற்கு அவள் ஒரு பார்வையால் பதில் சொன்னாள்.

கருவிகளோடு எனக்குப் பழக்கம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குடிநீர் வாரியத்தில் மீட்டர் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். நாள் முழுக்க ஸ்க்ரூ திருகுகிற பிரிவு. திருகுகிறவர்களின் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். எங்கள் வீட்டில் கரண்டி கீழே இறங்கினால் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"திங்கக்கிழமை காலையில ஒரு ஆஸ்பத்திரி வரைபடம் நான் அனுப்பியாகணும்," என்றாள். "அதனால ஞாயித்துக்கிழமை மதியத்துக்குள்ள இது ஓடணும். ஓடிடுச்சுன்னா, புது லேப்டாப்ங்கற பேச்சையே உங்ககிட்ட எடுக்க மாட்டேன். உங்க சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

"ஓடலைன்னா?"

"திங்கக்கிழமை காலையில கடை ஷட்டரைத் தூக்கறப்ப நீங்க எம் பக்கத்துல நிக்கணும். நான் எதைக் காட்டறேனோ அதை வாங்கித் தரணும். விலைச் சீட்டைத் திருப்பிப் பாக்கக் கூடாது."

"சம்மதம்."

"சம்மதம்."

பதினாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் சம்மதித்ததில்லை, என்னைத் தவிர. அதற்கும் அவள் அவ்வப்போது வருத்தம் தெரிவித்திருக்கிறாள். இந்தச் சம்மதத்தை என் தொழில்திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

உதிரி பாகக் கடையில் நல்ல கூட்டம். என் முறை வந்ததும் கணீரென்று சொன்னேன்: "லேப்டாப்புக்கு ஒரு ரேம் குடுங்க."

"என்ன ரேம் சார்?"

"நல்லதாக் குடுங்க."

"டிடிஆர் மூணா, நாலா?"

"நாலுதான் பெருசு. நாலு குடுங்க."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அது சட்டை சைஸ் இல்லை சார். உங்க லேப்டாப் எதை ஏத்துக்குமோ அதைத்தான் போடணும். மாடல் நம்பர் என்ன?"

எனக்குப் பின்னால் நின்ற ஆறு பேரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று ஆவலோடு காத்திருந்தார்கள். வீட்டுக்குப் போன் போட்டேன்.

"லேப்டாப் அடியில ஏதோ நம்பர் இருக்காமே, கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"அரை மணி முன்னாலயே போட்டோ எடுத்து உங்க போனுக்கு அனுப்பிட்டேன். இப்ப என்ன ரேம் இருக்கு, எத்தனை இடம் காலியா இருக்குன்னும் எழுதியிருக்கேன். பாக்கலையா?"

"பாத்தேன். சரிதானான்னு உறுதி பண்ணிக்கத்தான் கூப்பிட்டேன்."

படத்தைக் காட்டினேன். கடைக்காரர் மூன்று சாமான்களை எடுத்து வைத்தார். விரல் நீளத்தில் பச்சைத் தகடாக ரேம். பிஸ்கட் பாக்கெட் போல இருந்த புது டிஸ்க், உள்ளே பிஸ்கட் இல்லாத எடையில். இரண்டையும் பொருத்தப் பொடி ஸ்க்ரூ டிரைவர்கள் அடங்கிய ஒரு டப்பா. கூடவே ஒரு வயரையும் நீட்டினார்.

"புது டிஸ்க்கை முதல்ல இந்த வயரால வெளியிலேர்ந்து மாட்டுங்க. பழசுல இருக்கறது அத்தனையும் புதுசுக்கு நகலெடுங்க. முடிஞ்சப்புறம் லேப்டாப்பைத் திறங்க. மாத்திச் செஞ்சீங்கன்னா ரெண்டும் காலி."

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். "நான் ஒரு முறை வச்சிருக்கேன். முதல்ல நகல். அப்புறம்தான் திறப்பு."

"கடைக்காரர் நல்லவர்போல இருக்கு," என்றாள்.

மதியம் முழுக்க நகல் ஓடியது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. அதற்கு நானே காவல். சலவை மெஷினைப் போடத் தடை. கதவைச் சாத்தத் தடை. மனைவி மேஜைப் பக்கம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

"ஏங்க, அது நகல்தானே எடுக்குது? பிரசவ வார்டு மாதிரி வாசல்லயே உலாத்தறீங்க?"

"தொண்ணூத்தொம்பது சதவீதம் ஆயிடுச்சு. பேசாதே."

தொண்ணூற்றொன்பதிலேயே நாற்பது நிமிஷம் நின்றது. நானும் நின்றேன். கடைசியில் 'முடிந்தது' என்று வந்தபோது நாற்காலியில் சரிந்தேன். அவள் ஒரு பென் டிரைவை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"அது என்ன?"

"என் வரைபடமெல்லாம். நேத்தே தனியா எடுத்து வச்சுட்டேன்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்குங்க. அது தனி, இது தனி."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சாப்பாட்டு மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்தேன். லேப்டாப்பைக் குப்புறப் படுக்க வைத்தேன். அழைப்பு மணி அடித்தது. வாசலில் மேல்வீட்டுப் பல் டாக்டர். நெற்றியில் விளக்கு, கையில் ஒரு சின்னப் பெட்டி.

"உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க சார். வெளிச்சம் பத்தாதுன்னு."

"நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் மனைவி. "பக்கத்துல உக்காந்து பாருங்க டாக்டர். உங்களுக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கும்."

பார்வையாளர் இருப்பது எனக்கும் பிடித்திருந்தது. சாதனைக்குச் சாட்சி வேண்டும். டாக்டர் வாய்க்குள்ளேயே வேலை பார்க்கிறவர். ஒரு சின்ன இடத்தில் பெரிய வேலை செய்வதன் அருமை அவருக்குத் தெரியும்.

முதல் ஸ்க்ரூவைக் கழற்றித் துணிமேல் வைத்தேன். இரண்டாவதையும் வைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து உருண்டன.

"இருங்க," என்றாள் மனைவி. ஒரு வெள்ளைத் தாளை விரித்தாள். ஸ்கேலும் பென்சிலும் எடுத்தாள். மூன்றே நிமிஷம். லேப்டாப்பின் அடிப்பாகம் அச்சு அசலாகத் தாளில் வந்துவிட்டது. ஸ்க்ரூ இருக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு வட்டம். வட்டத்தின்மேல் இரட்டைப் பக்கம் ஒட்டுகிற டேப்.

"எங்கேருந்து கழட்டறீங்களோ, அங்கேயே ஒட்டுங்க. சிலது நீளமா, சிலது குட்டையா இருக்கு."

"இதைத்தான் சொல்ல வந்தேன்," என்றேன் டாக்டரிடம்.

பத்து ஸ்க்ரூ வந்தது. மூடி வரவில்லை. விரல் நகத்தால் நெம்பினேன். தம் பிடித்து இழுத்தேன். மேஜை என்னோடு வந்தது.

"சார், சார், இழுக்காதீங்க!" டாக்டர் என் கையைப் பிடித்தார். "வராத பல்லை இழுத்தா தாடையோடதான் வரும். எங்கயோ பிடிச்சிருக்கு."

மனைவி தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைப் போட்டவன் எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் சமமா வச்சிருக்கான். பின்னால ரெண்டு மூலையில மட்டும் ஒண்ணுமில்லை. அங்க ரப்பர் கால் இருக்கு. அதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். ரப்பருக்கு அடியில் ஆளுக்கொரு ஸ்க்ரூ உட்கார்ந்திருந்தது.

"இதையும்தான் சொல்ல வந்தேன்," என்றேன்.

"சொல்லியிருக்கலாமே சார்," என்றார் டாக்டர். பல் டாக்டர்களுக்கு எப்போது வாயை மூடுவது என்று தெரிவதில்லை. ஊர் வாயைத் திறந்தே பழக்கம்.

மூடி திறந்தது. உள்ளே ஏழு வருஷத் தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. மனைவி ஓவியத் தூரிகையால் துடைத்தாள். பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன். பழைய ரேமின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்கினேன். அது தானே எழுந்து நின்று விடைபெற்றது. புதியதைச் சாய்வாக நுழைத்துப் படுக்க வைத்தேன். பழைய டிஸ்க்கைத் தகரச் சட்டத்திலிருந்து பிரித்தபோது ஒரு ஸ்க்ரூ துள்ளி லேப்டாப்பின் வயிற்றுக்குள் விழுந்தது.

டாக்டர் பெட்டியைத் திறந்து வளைந்த இடுக்கி ஒன்றை எடுத்தார். "வாயைத் திறந்தே வச்சிருங்க," என்றார், பழக்க தோஷத்தில். நான் திறந்தேன். அவர் லேப்டாப்பிடம் சொன்னாராம். ஸ்க்ரூ வெளியே வந்தது.

புது டிஸ்க்கைச் சட்டத்தில் பூட்டினேன். பேட்டரியை இணைத்தேன். மனைவியின் தாளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். நிமிர்த்தி வைத்தேன். பொத்தானை அமுக்கினேன்.

கறுப்பு. மறுபடி அமுக்கினேன். அதே கறுப்பு. உள்ளே காற்றாடி மட்டும் பெருமூச்சு விட்டது.

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. "கடை நாளைக்கு ஒம்பதரைக்குத் திறக்கறாங்க," என்றாள். குரலில் கேலி இல்லை. நேரத்தைத்தான் சொன்னாள். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் நான் நிற்கிற காட்சி கண்ணில் ஓடியது.

"சார், அந்தப் பச்சைத் தகடு நல்லா உக்காந்துச்சா?" என்றார் டாக்டர். "நாங்க செட்டுப் பல் மாட்டறப்போ 'டக்'னு ஒரு சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா உக்காரலை. சாப்பிடறப்ப கையோட வந்துடும்."

சத்தம் கேட்ட ஞாபகம் இல்லை. மறுபடியும் பன்னிரண்டு ஸ்க்ரூ. மறுபடியும் மூடி. பேட்டரியைப் பிடுங்கினேன். ரேமை எடுத்து, சாய்வாக நுழைத்து, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினேன்.

டக்.

மூவருக்கும் கேட்டது. பேட்டரியை இணைத்து, மூடாமலே நிமிர்த்திப் பொத்தானை அமுக்கினேன். திரை விழித்தது. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று. கடவுச்சொல் கேட்டது.

"பதினோரு விநாடி!" என்று கத்தினேன். தெருவில் ஒரு சைக்கிள் பிரேக் போட்டு நின்றது.

வரைபடத்தைத் திறந்தாள். முழு ஆஸ்பத்திரியும், மூன்று மாடியும், படுக்கைகளோடு ஒரே நொடியில் வந்து நின்றது. அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கல்யாண ஆல்பத்தில்கூட இவ்வளவு மலரவில்லை.

"பிரமாதங்க," என்றாள்.

பதினாறு வருஷத்தில் இந்தச் சொல்லை அவள் ஊறுகாய் பாட்டிலைத் திறந்ததற்குக்கூட எனக்குச் சொன்னதில்லை. எனக்குக் கால் தரையில் இல்லை. லேப்டாப்பை அணைத்து, மூடியைப் பூட்டி, மறுபடி போட்டுக் காட்டினேன். பதினொன்று. மறுபடி. பதினொன்று. டாக்டரின் நெற்றி விளக்கை வாங்கி நானே மாட்டிக்கொண்டு போட்டுக் காட்டினேன். அப்போதும் பதினொன்று.

மனைவி டீயோடு வந்தாள். டாக்டரை மேஜைக்குப் பக்கத்தில் நன்றாக நகர்ந்து உட்காரச் சொன்னாள்.

"இது இனிமே எத்தனை வருஷம் ஓடும்ங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"அஞ்சு வருஷம். அஞ்சென்ன, கண்ணை மூடிக்கிட்டு எட்டு வருஷம்!"

"நான் என் வேலையைச் சொல்லலை. சும்மா பேரு, விலாசம், வர்றவங்க நேரம், நாலு எக்ஸ்ரே படம், இந்த மாதிரி வச்சுக்கறதுக்கு?"

"நாலு எக்ஸ்ரேயா? ஊருல இருக்கற அத்தனை பல்லையும் இதுல வச்சாலும் வாயைத் திறக்காது!"

டாக்டர் தலையாட்டினார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இந்த நிலைமையில இதுக்கு என்ன விலை போகும்?"

"புதுசோட விலையில பாதி. அதுக்கு ஒரு காசு குறைச்சுக் கேட்டா நானே வாசல் வரைக்கும் விரட்டுவேன்."

"நடுவுல ஏதாவது கோளாறு வந்தா?"

"நான் எதுக்கு இருக்கேன்? எப்ப வேணா கொண்டு வரட்டும். இனாமாப் பாத்துத் தர்றேன்!"

"எப்ப வேணாலுமா சார்?" என்றார் டாக்டர்.

"எப்ப வேணாலும்!"

எவ்வளவு அழகாகக் கேள்வி கேட்கிறாள் என்று மனசுக்குள் மெச்சினேன். ஒரு மனிதனின் திறமையை வெளியே கொண்டுவர இப்படி ஒரு துணை வேண்டும்.

அன்று மாலைக்குள் அவள் வரைபடத்தை முடித்து, திங்கட்கிழமைக்குக் காத்திராமல் அப்போதே அனுப்பிவிட்டாள். நான் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். தோற்றவர்கள் வேலை செய்துகொண்டிருக்க, வென்றவன் படுத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் என் ராஜ்ஜியம். டீ நேரத்தில் பதினோரு விநாடியைச் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் அது பத்து விநாடி ஆகிவிட்டது. மூன்று மணிக்குப் பொறியாளரே என் மேஜைக்கு வந்து, ஸ்க்ரூ எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று கேட்டார். "ரப்பர் காலைத் தூக்கிப் பாக்கணும் சார்," என்றேன் அடக்கமாக. "எல்லாருக்கும் தோணாது." மீட்டர் பிரிவின் சரித்திரத்தில் ஒரு பொறியாளர் என்னிடம் சந்தேகம் கேட்டது அதுவே முதல்முறை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மார்பு எனக்கு ஓரடி முன்னால் போனது. மேஜையில் லேப்டாப் இல்லை. அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது.

"லேப்டாப் எங்கே?"

"மேல."

"மேலன்னா?"

"மேல்வீட்டுல. டாக்டர் காலையிலயே வந்து எடுத்துட்டுப் போயிட்டார். க்ளினிக்குக்கு ஒண்ணு வேணும்னு ரெண்டு மாசமாக் கேட்டுட்டிருந்தார். அந்த ஆமையை எப்படிங்க மனசாரக் குடுக்கறது? இப்ப சந்தோஷமா வாங்கிட்டார். நீங்க சொன்ன விலைதான். பேரமே பேசலை. நீங்க விரட்டுவீங்கன்னு பயம்."

நான் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன்.

"அப்ப இந்தப் பெட்டி?"

"புதுசு. பாதி டாக்டர் குடுத்தது. பாதி ஆஸ்பத்திரி வரைபடத்துக்கு வந்த கூலி."

"ஒப்பந்தம் என்ன ஆச்சு? ஜெயிச்சது நான்!"

"இல்லைன்னு யாருங்க சொன்னா? நீங்கதான் ஜெயிச்சீங்க. அதனாலதானே உங்ககிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்கலை?"

சட்டப்படி யோசித்தேன். நியாயப்படி யோசித்தேன். இரண்டு பக்கமும் அவளே உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை. இரண்டு மாதமாக யாரும் சீந்தாத ஒரு பொருளுக்குப் பாதி விலை வந்திருக்கிறது என்றால் அது யாருடைய கை வேலை? என் சம்பளமும் அப்படியே இருக்கிறது. வெற்றி வெற்றிதான்.

மறுபடி தெம்பு வந்தது. பெட்டியைப் பிரித்தேன். மெலிசாக, வழவழப்பாக இருந்தது. போட்டுப் பார்த்தேன். ஆறு விநாடி. பரவாயில்லை, என்னுடையதில் பாதி. எடுத்துக் குப்புறக் கவிழ்த்து, அனுபவசாலியின் விரலால் அடிப்பாகத்தைத் தடவினேன்.

"கவலைப்படாதே," என்றேன். "ரெண்டு வருஷம் போகட்டும். இதுக்கும் நானே ரேம் மாத்தித் தர்றேன்."

"முடியாதுங்க," என்றாள் பரிவோடு. "இதுல ரேமெல்லாம் சர்க்யூட் பலகையோட சேத்துப் பத்த வச்சிருக்காங்க. கடையில நான் கேட்ட முதல் கேள்வியே அதான்: 'வீட்டுல இருக்கறவர் திறக்க முடியாததா எது இருக்கு?'"